எங்கே போகிறான் என்று கேட்காதீர்கள்

எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலையிறங்கிக் கோவைக்குப் போகிறான். மேட்டுப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. போதையிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குக்கு. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நீலகிரியில் எந்த ஊர், எனக்கு அவன் என்ன முறை என்பதெல்லாம் வேண்டாம். சொன்னால் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பிரச்சினையே அதுதான். 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு இது. உள்ளே பார்த்த முகமும் கேட்ட பேச்சும் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. நம் ஊரிலோ வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவோம். "தம்பி, வாராவாரம் கீழே என்ன வேலை?" என்று பஸ் ஸ்டாண்டில் அவனைக் கேட்காத ஆள் இல்லை. அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதிலுக்கு அவன் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவம், பொய் சொல்வதை நிறுத்தத்தான் அவன் அங்கே போவதே.

குடும்பத்தாரும் உட்காரலாம் என்ற ஓப்பன் மீட்டிங் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். பிரசங்கம் இருக்கும் என்று நினைத்தேன். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, அவ்வளவுதான். பல வருஷம் போதையைத் தொடாமல், அவர்கள் பாஷையில் 'சுத்தமாக', இருந்துவிட்டுச் சறுக்கிய பெரியவர் ஒருவர் எழுந்து அதைச் சொன்னார். சாவியில் மாட்டும் வெள்ளை நிற கீ டேக் ஒன்றைக் கொடுத்தார்கள். அது புதிதாக வருபவர்களுக்கானது. 30 நாளுக்கு ஆரஞ்சு, 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு என்று அப்புறம் மாறும். அவர் மறுபடி வெள்ளையிலிருந்து. எல்லோரும் கைதட்டினார்கள். நம் வீட்டில் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்திருக்குமா?

சறுக்கியதை உடனே சொல்ல ஓர் இடம் இருப்பது உயிர் விஷயம். போதை தரும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச காலம் நிறுத்தினாலே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். ஒளித்து வைத்திருப்பவனை யார் வந்து காப்பாற்றுவது?

ஒரு விஷயத்தில் மட்டும் அங்கே சிலரோடு எனக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் புப்ரினார்பின் போன்ற மாத்திரையை டாக்டர் சொல்லிச் சாப்பிடுபவரை "இன்னும் சுத்தமாகவில்லை" என்கிறார்கள். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். குடியையும் தூக்க மாத்திரையையும்கூட வைராக்கியத்தில் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். மருத்துவம் தனி, மீட்டிங் தனி, இரண்டும் வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவச ஹெல்ப்லைன் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையிலேயே மீட்டிங் வைக்க இரண்டு பேர் தயார். தொடங்க அதுவே போதும். வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் அறை வேண்டும். மெயின் பஜார் வேண்டாம், பின்பக்க வழி இருந்தால் நல்லது. இலவசமாகத் தர வேண்டாம், வெளியாரிடம் நன்கொடை வாங்கக்கூடாது என்பது அவர்கள் மரபு. தங்களுக்குள் காசு போட்டு வாடகை தந்துவிடுவார்கள். அறை இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், கமென்ட்டில் வேண்டாம்.