மரத்துக்கு எதற்கு மைக்ரான்?

வீட்டில் சி.என்.சி. ரவுட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின்) செய்கிறவர்கள் 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான், துல்லியத்தைக் குறிவைக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. காரைக்குடியில் நிலைவாசல் செதுக்கும் பட்டறைக்காக ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். மரவேலைக்கு 0.1 வந்தாலே பெரிய விஷயம்.

காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் வரும். மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றும் 16 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகு (லீட் ஸ்க்ரூ) என்றால் ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு 0.0025 மி.மீ. நானும் இதை நம்பித்தான் இறங்கினேன். அப்புறம் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, மெஷினை வலப்பக்கம் அனுப்பித் திரும்ப அழைத்தேன். முள் 0.18 மி.மீ. தள்ளி நின்றது. திருகில் ஓடும் நட்டில் இருந்த பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வரும் ஆட்டம். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை விரலால் அழுத்தினேன், முள் இன்னும் நகர்ந்தது. விரலுக்கே இப்படியென்றால் தேக்கில் இறங்கும் பிட்டுக்கு எப்படி?

வெயில் வேறு. ஒரு மீட்டர் அலுமினியம் 10 டிகிரி சூடானால் சுமார் 0.23 மி.மீ. நீளும். எங்கள் தகரக் கொட்டகையில் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி சர்வசாதாரணம்.

எவ்வளவு பிசகலாம் என்று ஆசாரியிடம் கேட்டேன். "கால் நூல் இருக்கட்டும் தம்பி, மிச்சத்தை உளி பாத்துக்கும்" என்றார். நூல் என்பது எட்டில் ஒரு இஞ்ச், ஆக கால் நூல் கிட்டத்தட்ட 0.8 மி.மீ.!

ஸ்பிரிங் வைத்த நட்டு மாற்றி, கேன்ட்ரியின் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பாலம்) பக்கத் தகடுகளைத் தடிமனாக்கியதில் இப்போது 0.1க்குள் நிற்கிறது. போன வாரம் ஆத்தங்குடி தரைக்கல்லுக்கு உலோக அச்சு வெட்டித் தரக் கேட்டார்கள். இந்த மெஷின் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.