ஒட்டும் பக்கம் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்

நேற்றைய படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் தேடிப்போகவும் வேண்டாம். ஒரு ஜியோகேஷ், அதாவது ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதுவதற்காக ஒளித்துவைக்கிற பெட்டி. அதைச் சுற்றி மூன்று சுற்று டக்ட் டேப் என்கிற தடித்த ஒட்டுநாடா, வெயிலில் காய்ந்து சுருண்டு எழும்பிய அதன் ஓரம், அந்த ஓரத்துப் பசையில் ஒரு அரணை. அதற்கு மேலே எழுதியிருந்தது: "ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!" கீழே கைதட்டல் வரிசை. "சூப்பர் ஜி", "வாட்டர்ப்ரூஃப்னா இதுதான்", "என்ன டேப்னு சொல்லுங்க".

எல்லோரும் உள்ளே காய்ந்திருந்த தாளைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுதான் என் குற்றம். அரணையின் வால் தனியாக இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தது. வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிப்பதுதான் அதற்குத் தெரிந்த கடைசி வித்தை. அதைச் செய்து பார்த்திருக்கிறது. வால் கழன்றது, வயிறு கழலவில்லை.

நான் எழுதியது இரண்டே வரி. "டேப்பை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். ஒட்டும் பக்கம் வெளியே தெரிந்தால் இப்படித்தான் ஆகும்." திட்டவில்லை, பாடம் எடுக்கவில்லை. அதற்கு வந்த பதில்: "விட்டா கொசுவுக்கும் இரங்கல் கூட்டம் போடுவீங்க போல." அதற்கு நாற்பத்தொரு சிரிப்பு. ஆமாம், எண்ணினேன்.

சரி, இரண்டு வரியில் சொன்னது எடுபடவில்லை. இப்போது நீளமாகவே சொல்கிறேன்.

தண்ணீரைத் தடுப்பது மூடியின் வேலை. மூடி தடுக்கவில்லை என்றால் வெளியே எதைச் சுற்றினாலும் தடுக்காது. ஜியோகேஷ் பெட்டி ஒன்றும் பரணில் தூங்குகிற பெட்டி இல்லை. முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் திறந்து மூடப்போகிற பெட்டி. மூன்று சுற்று டேப்பை முதல் ஆள் பிரிப்பார். திரும்பச் சுற்றும்போது பசையில் மண் ஏறியிருக்கும். இரண்டாவது ஆள் அவசரத்தில் பாதியைத் தொங்கவிட்டுப் போவார். மூன்றாவது ஆள் வரும்போது அது டேப்பே இல்லை, எலிப்பொறி அட்டை. எலிக்கு வைக்கிற அந்தப் பசை அட்டையில் எலி மட்டுமா மாட்டுகிறது? பல்லி, குருவி, பாம்பு எல்லாம் மாட்டுகிறது. அதே காரியத்தை நாம் காட்டுக்குள் கொண்டுபோய், ஆயத்தொலைவோடு பட்டியலிட்டு வைக்கிறோம். செத்த அரணைக்கு எறும்பு வரும், எறும்பைத் தின்ன இன்னொன்று வரும். பசை இருக்கும்வரை கூட்டம் குறையாது.

இரண்டு மழைக்காலம் தண்ணீர் போகவில்லையே என்கிறீர்களா? அதற்கும் டேப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் வெயில் பட்டதும் பெட்டிக்குள் காற்று விரிகிறது, மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே போகிறது. சாயங்காலம் மழை பெய்து பெட்டி சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. அந்த நேரம் மூடியின் விளிம்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். தினமும் ஒரு மிடறு. பெட்டி மழையில் நனைவதில்லை, குடிக்கிறது. டேப் சுற்றினால் என்ன ஆகும்? மூடிக்கும் டேப்புக்கும் நடுவில் நீர் தங்க ஒரு வாய்க்கால் கட்டிக் கொடுக்கிறீர்கள். மழை விட்டாலும் அது காயாது.

இதற்கு மருந்து எளிது. பெட்டி நிழலில் இருக்கட்டும். மூடி மேலே பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும், தொங்கவிடுகிற குழல் என்றால் வாய் கீழே பார்க்கட்டும். தேங்க இடமில்லை என்றால் உறிஞ்சவும் ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரு அரணையும் சாக வேண்டாம்.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் வளையம் கெடாத பழைய ராணுவத் தோட்டாப் பெட்டிக்கு நிகர் இன்றுவரை இல்லை. நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற டப்பா நல்லது, ஆனால் அதன் சிலிகான் வளையத்தில் ஒரு புல் துணுக்கோ தாளின் முனையோ மாட்டினால் கதை முடிந்தது. சின்னதாக வேண்டும் என்றால் பெட் (PET) பிளாஸ்டிக் ப்ரீஃபார்ம், அதாவது ஊதிப் பெரிதாக்குவதற்கு முன்னால் சோதனைக்குழாய் மாதிரி இருக்குமே, அந்த சோடா பாட்டில். வாயு நிரப்பிய பானத்தையே அடைத்துவைக்கச் செய்த மூடி அது, மழை எம்மாத்திரம். கேமரா ஃபிலிம் சுருள் வருகிற கறுப்பு டப்பாவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்குள் காய்ந்த தாளை நான் பார்த்ததே அபூர்வம். தாள் என்றால் நனையாத செயற்கைத் தாள், எழுத பென்சில். மையில் எழுதினால் ஈரத்தில் எல்லோர் பெயரும் ஒரே நீலக் குளம்.

வந்த கமெண்ட்டுகளுக்கும் இனி வரப்போகிறவற்றுக்கும் இப்போதே பதில்.

"கேமோ டேப்பும் ஒட்டுமே, அதையும் தடை செய்வீங்களா?" பெட்டி கண்ணில் படாமலிருக்க ஒட்டுகிற இலைதழை நிற டேப்பைச் சொல்கிறார்கள். தடை செய்ய நான் யார்? மூடி திறக்கிற இடத்தைத் தொடாமல், சுருக்கமில்லாமல், ஓரத்தை அழுத்தித் தேய்த்து ஒட்டினால் பரவாயில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது போய் ஓரம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகிறீர்களா? அதைவிடப் பெயிண்ட் அடித்து, வாசனை போகிறவரை நாலைந்து நாள் காயவிட்டு வைத்துவிடலாம்.

"மூடியைச் சுற்றி பெட்ரோலியம் ஜெல்லி தடவினா தண்ணி வழுக்கிப் போகுமே." போகும். கூடவே உரசுகிற பறவையின் இறகிலும் ஏறும். எண்ணெய்ப்பசை ஏறிய இறகு தண்ணீரைத் தள்ளாது, குளிரையும் தாங்காது. போதாததற்கு இயற்கை ரப்பர் வளையமாக இருந்தால் அதுவும் ஊதிப்போகும். பெட்டியைக் காக்கப் போய் பெட்டியையே கெடுத்த கதை.

"சிலிகா ஜெல் போட்டா?" போடுங்கள், ஆனால் அது மந்திரம் இல்லை. கசிகிற பெட்டியில் அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் சில நாளில் குடித்து நிறைந்துவிடும், அப்புறம் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற மணிகள் மட்டும் வேண்டாம். அந்த நிறம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. பெட்டி உடைந்து மணிகள் சிதறினால் அதைக் கொத்துகிற பறவைக்கு என்ன தெரியும்?

"எறும்பு, பூச்சி வராம இருக்க ரெண்டு அந்துருண்டை போடுறோம், அது தப்பா?" தப்பு. பெருந்தப்பு. அந்துருண்டை பூச்சிக்கொல்லி, அலமாரிக்குள் வைப்பதற்கே எச்சரிக்கை எழுதித்தான் விற்கிறார்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

"ஆரம்பத்துல யாரும் இதெல்லாம் பாக்கல, விளையாட்டு நல்லாத்தானே நடந்துச்சு." இதைச் சொன்னவர் வரலாறு தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2000 மே 2 அன்று ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. இடம் துல்லியமாகத் தெரிய ஆரம்பித்ததும், மறுநாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஒரிகனில் இந்த விளையாட்டின் முதல் பெட்டியாக ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்றைக்கு அதே வாளியை அப்படியே வைத்தால் அனுமதி கிடைக்குமா? உணவுப்பொருள் கூடாது, நில உரிமையாளரைக் கேட்காமல் தோண்டக் கூடாது. மிட்டாயும் வாசனை மெழுகுவர்த்தியும் போட்ட பெட்டிகளைப் பிராணிகள் கடித்துக் குதறிய பிறகு புத்தி வந்தது. முதல் பெட்டி வைத்தவரின் பெட்டியே இன்றைய விதிக்கு ஆகாது, நீங்கள் அவரைக் காட்டி டேப்புக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

"அப்படின்னா நீங்க தப்பே பண்ணினதில்லையா?"

இதைக் கேட்டது ஒரே ஒருவர்தான், அதுவும் மரியாதையாக. இதற்கு மட்டும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

பண்ணியிருக்கிறேன். என் மூன்றாவது பெட்டி. வேலிக்கம்பம் மாதிரி தெரிய வேண்டும் என்று இடுப்பளவு பிவிசி குழாயை நட்டு, உள்ளே சின்ன டப்பாவைக் கயிற்றில் தொங்கவிட்டேன். குழாயின் மேல்வாய் திறந்திருந்தது. மழை விழுமே என்றால், டப்பாதான் நனையாதே, குழாய் நனைந்தால் என்ன என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எட்டு மாதம் கழித்துத் தாள் மாற்றப் போய் கயிற்றை இழுத்தால் டப்பா வரவில்லை. குழாயைப் பிடுங்கிக் கவிழ்த்துத் தட்டினேன். முதலில் டப்பா விழுந்தது. அப்புறம் இறகு. அப்புறம் உள்ளங்கையில் அடங்குகிற அளவில் இரண்டு உடம்பு, காகிதம் மாதிரி காய்ந்து. ஒன்றின் நகம் கயிற்றின் இழைக்குள் மாட்டியிருந்தது. ஏறப் பார்த்திருக்கிறது.

பொந்தில் கூடு கட்டுகிற பறவைக்கு நிமிர்ந்து நிற்கிற குழாயும் பொந்துதான். இறங்கிவிடும், இறக்கை விரிக்க இடம் இருக்காது, வழவழப்பில் நகம் பிடிக்காது. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகுதான் படித்தேன். அமெரிக்காவின் நெவாடாவில் சுரங்க உரிமை கோரும் நிலத்துக்கு எல்லை காட்ட இப்படித் திறந்த குழாய்களை நட்டு, அவற்றில் விழுந்து செத்த பறவைகளுக்குக் கணக்கில்லை. கடைசியில் 2011 நவம்பர் முதல் அந்த மாதிரிக் குழாயை யார் வேண்டுமானாலும் பிடுங்கித் தரையில் போடலாம் என்று சட்டமே போட்டார்கள்.

அன்றைக்கு நான் அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "பெட்டி மாற்றப்பட்டது." இரண்டே வார்த்தை. அந்தப் பறவைகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இல்லை, ஒருவரிடம் சொன்னேன். அப்போது என்னோடு வாராவாரம் நடக்க வந்துகொண்டிருந்த நண்பர். அந்தக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் திரும்பினோம், வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது, "விடுங்க, இனிமே மூடி போட்டு வைப்போம்" என்றார்.

நேற்றைய நாற்பத்தொரு சிரிப்பில் ஒன்று அவருடையது.

கொசுவுக்கு இரங்கல் கூட்டம் என்று சொன்னவர் யாரோ, எனக்கு அவரைத் தெரியாது, அவர் மேல் வருத்தமும் இல்லை. இவருக்குத் தெரியும். நான் ஏன் டேப்பைப் பற்றி எழுதினேன் என்று இவருக்கு மட்டும்தான் தெரியும். கை தவறிப் பட்டிருக்கலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கைபேசியில் அப்படி நடக்கும்தான்.

சரி, அது என் பாடு.

பெட்டி வைத்தவருக்கு: நீங்கள் கெட்டவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. உங்கள் பெட்டி காய்ந்திருந்தது உண்மைதான், அந்தக் கொக்கி டப்பாவின் வளையம் நல்லபடியாக இருப்பது படத்திலேயே தெரிகிறது. அதாவது டேப் இல்லாமலே காய்ந்திருக்கும். தேவையே இல்லாத ஒன்றுக்காக அந்த அரணை செத்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. யாரோ சொன்னார் என்று டேப் சுற்றியிருப்பீர்கள். அந்த யாரோ நானாகக்கூட இருக்கலாம், பழைய பதிவுகளில் நானே டேப்பைப் புகழ்ந்திருக்கிறேன். தேடி எடுத்துப் போடப்போகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

டேப்பை எடுக்கப் போகும்போது ஒரு சின்ன புட்டியில் தாவர எண்ணெய் கொண்டுபோங்கள். பசையில் எதாவது உயிரோடு இருந்தால் இழுக்காதீர்கள், தோலோடு வரும். ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், பசை இளகியதும் தானாக விடும். பிறகு உடம்பிலுள்ள எண்ணெயை மென்மையான துணியில் ஒற்றி எடுத்துவிட்டு நிழலில் விடுங்கள். காட்டுயிர் மீட்பவர் யாராவது எட்டும் தூரத்தில் இருந்தால் அவரிடம் விட்டுவிடுவது இன்னும் நல்லது. பிரித்த டேப்பைப் பசைப்பக்கம் உள்ளே போகிற மாதிரி உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியை எடுத்த கல்லை இருந்த மாதிரியே திருப்பி வையுங்கள், அதன் அடியில் வேறு யாராவது குடியிருப்பார்கள்.

என்னிடம் அந்த அளவில் மூன்று வளையம் சும்மா கிடக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன். சிரித்தவர்கள் கேட்டாலும் அனுப்புவேன், தனிச்செய்தியில் வாருங்கள். கமெண்ட்டை நான் மூடவில்லை. அந்தப் படத்தை மட்டும் இங்கே ஒட்டாதீர்கள்.