சாப்பாடு மட்டுமா சேவை?
கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த தனிமைப்படுத்தல் ஹோட்டல்களைச் சாப்பாட்டை வைத்தே எடை போட்டிருக்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. 2020-இல் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் வளைகுடாவிலிருந்து வந்த என் தம்பி கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் இருந்தான். மீன்குழம்பும் சம்பா அரிசிச் சோறும் இல்லையென்று முனகினான்தான், அது போகட்டும். அறைக்குள் யாரும் வந்து துடைக்கக்கூடாது என்றார்கள், சரி. துடைப்பமும் குப்பைப் பையுமாவது தர வேண்டாமா? பலமுறை கேட்டும் வரவில்லை. வேலை போய் வந்தவனிடம் வாடகையை மட்டும் கறாராக வாங்கினார்கள். மத்திய அரசே மே 24 அன்று வெளியிட்ட விதியில், 7 நாள் சொந்தச் செலவில் வெளியே தங்கித் தனிமை, அடுத்த 7 நாள் வீட்டில் தனிமை என்றுதான் வைத்தது. காசு வாங்கினால் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டல்லவா? வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடிய பையனைச் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுத்திருந்தது வெறும் துணி மாஸ்க்.