நம்பர் 1 என்று யார் எண்ணினார்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் பேனர்களில் இப்போது ஒரே பாட்டுதான்: ‘உலகின் நம்பர் 1 மொழி பைத்தான்’. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற மொழிகளில் ஒன்று அது. பைத்தான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே அதில் எழுதுகிறவன்தான். அந்த ‘நம்பர் 1’ஐக் காட்டி ஃபீஸ் வாங்குகிறார்களே, அதில்தான் எரிச்சல். யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவருக்கும் தெரியாது, பணம் கட்டுகிற அப்பாவுக்கும் தெரியாது.

அந்தப் பட்டம் பெரும்பாலும் டியோபி (TIOBE) என்ற புரோகிராமிங் மொழிகளின் தரவரிசைப் பட்டியலிலிருந்து வருவது. நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று 2001 முதல் மாதாமாதம் வெளியிடுகிறது. பல வருடம் ஜாவாவும் சி-யும் மாறி மாறி உட்கார்ந்திருந்த முதலிடத்துக்கு 2021 அக்டோபரில்தான் பைத்தான் வந்தது. சரி, எதை எண்ணுகிறார்கள்? மொழியின் பெயரோடு ‘புரோகிராமிங்’ என்று சேர்த்துத் தேடினால், கூகுள் போன்ற தேடுபொறிகள் எத்தனை பக்கம் இருப்பதாகக் காட்டுகின்றனவோ, அந்தக் கணக்கு. எத்தனை பேர் அந்த மொழியில் வேலை செய்கிறார்கள் என்பது அதில் கிடையாது. 2004-ல் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது பட்டியலில் ஜாவாவும் சி++-உம் சரிந்தன. ஜாவா எழுதிக்கொண்டிருந்தவர்கள் அந்த வருடம் எங்கே போய்விட்டார்கள்? எங்கேயும் போகவில்லை, கூகுள்தான் மாறியது.

பிஒய்பிஎல் (PYPL) என்று இன்னொரு பட்டியல். அது ‘பைத்தான் டுட்டோரியல்’ மாதிரி எவ்வளவு தேடுகிறார்கள் என்று, தேடல் அளவைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் பார்ப்பது. டுட்டோரியல் தேடுபவர் யார்? புதிதாகக் கற்பவர். இருபது வருடம் ஒரே மொழியில் எழுதுகிற ஆள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். ரெட்மாங்க் என்ற நிறுவனம், புரோகிராமர்கள் கோடைப் போட்டுவைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடக்கும் வேலையையும், அவர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் வரும் பேச்சையும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கே பல வருடமாக ஜாவாஸ்கிரிப்ட்தான் முதல். கிட்ஹப் தன் 2025 அறிக்கையில் டைப்ஸ்கிரிப்ட் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்றது. ஆக மூன்று இடத்தில் மூன்று ‘நம்பர் 1’. மூன்றும் பொய் இல்லை, எண்ணிய பொருள்தான் வேறு வேறு.

இதில் காலம் சேர்ந்தால் இன்னும் குழப்பம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ பார்த்திருப்பீர்கள்: எந்த வருடம் எந்த மொழி முன்னால் என்று காட்ட, 1960களில் தொடங்கி கலர் கலராகப் பட்டைகள் ஓடும், ஒன்றை ஒன்று முந்தும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் கடைசிவரை பார்ப்பேன். ஆனால் கூகுள் வந்தது 1998-ல். கிட்ஹப்பும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் 2008-ல். அதற்கு முந்தைய காலத்துக்கு வேறு ஏதோ கணக்கை எடுத்து ஒட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று வீடியோவில் காட்டுவதில்லை. இப்போதும் அதே கதைதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சந்தேகம் குறையவில்லை, கேட்கிற இடம் மாறிவிட்டது. இன்னொன்று, சதவீதம் என்பது பங்கு. மொத்த ஆட்கள் பெருகும்போது ஒரு மொழியின் பங்கு பாதியானாலும், அதில் எழுதுபவர்கள் முன்னைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மாங்காய்க் கணக்கில் சொன்னால் புரியும். சீசனில் ஹைவே ஓரக் கடைகளை மட்டும் எண்ணினால் கிருஷ்ணகிரியில் செந்தூராவும் அல்போன்சாவும்தான் விளைகிறது என்று தோன்றும். லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காய் கடையில் அவ்வளவாகக் கண்ணில் படாது.

ஓசூர் சிப்காட்டில் நான் பார்க்கிற வேலை அந்தப் பெங்களூரா ரகம். ஃபேக்டரியில் மெஷின் லைனை ஓட்டுகிற பிஎல்சி என்ற கன்ட்ரோல் கம்ப்யூட்டருக்குள் இருப்பது லேடர் லாஜிக் என்ற மொழி. அதற்கென்று ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரமே 1993 முதல் இருக்கிறது, ஆனால் எந்தப் பட்டியலின் முதல் பத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் ஓடுவது பெரும்பாலும் சி. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் எல்லாம் எஸ்ஏபி என்ற கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர், அதற்குள் அபாப் என்ற மொழி. இந்தக் கோடெல்லாம் கம்பெனியின் பூட்டிய சர்வரில் கிடக்கிறது, கிட்ஹப்புக்கு வராது. வெளியே தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில கவர்னர், ‘கோபால்’ (COBOL) என்ற பழைய புரோகிராமிங் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகை வழங்கும் சிஸ்டம் அதில்தான் ஓடியது. அந்த மொழி 1959-ல் உருவானது.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது புதிதாக மேலே வருகிறது, கற்பவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்க்க அது உதவும். முதல் மொழியாகப் பைத்தான் எடுப்பதும் நல்ல முடிவுதான், எழுதிப் பழக எளிது. ‘அண்ணா, எதைப் படிக்கட்டும்?’ என்று கேட்கிற தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, எங்கே வேலைக்குப் போக நினைக்கிறாய் என்பதுதான். ஓசூர் ஃபேக்டரி என்றால் ஒரு பதில், பெங்களூரு ஐடி என்றால் வேறு. வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டு வா, அப்புறம் ஃபீஸ் கட்டு என்பேன்.

ஓசூர், பெங்களூரில் வேலை செய்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் போன வாரம் எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கீழே சொல்லுங்கள், தம்பிகளுக்குக் காட்ட ஒரு பட்டியல் போடலாம். முகநூலில் இருப்பவர்கள் மட்டும்தான் பதில் சொல்வீர்கள் என்பதால் அதுவும் கோணல் கணக்குதான். அதனால் என்ன வேலை, எந்த மாதிரிக் கம்பெனி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.