பிஆர் கோடு அபராதம் அல்ல

"சொந்த கம்பெனி வைத்துக்கொண்டு வேறு வேலைக்கும் போனால் பிஆர் கோடு போட்டு 20% பிடித்துவிடுவார்கள், அந்தப் பணம் போனது போனதுதான்" என்று சிலர் சொல்வது தவறு. பிஆர் என்பது அந்த வேலையின் முழுச் சம்பளத்துக்கும் 20% வருமான வரி பிடிக்கச் சொல்லும் வரிக் குறியீடு, அவ்வளவுதான். பிரிட்டனில் இரண்டாவது வேலைக்கென்று தனி வரி விகிதமே கிடையாது.

ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரிவிலக்கு ஆளுக்கு ஒன்றுதான். பொதுவாக அதை ஒரே வேலையின் 1257எல் கோடில் (முழு விலக்கையும் தரும் குறியீடு) வைப்பார்கள்; மற்றதற்கு பிஆர். கோடு என்பது மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்ற மதிப்பீடு மட்டுமே. மொத்த வரி ஆண்டு வருமானத்தை வைத்துத்தான். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்ப வரும்.

நம்மவர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: உங்கள் கம்பெனியிலிருந்து சம்பளமே எடுக்காமல் 1257எல் அங்கேயே கிடந்தால், விலக்கு சும்மா தூங்கும். எச்எம்ஆர்சி-யிடம் (பிரிட்டன் வரித்துறை) ஆன்லைனிலோ போனிலோ சொல்லி அதை மற்ற வேலைக்கு மாற்றுங்கள். அக்கவுண்டன்ட் தானாகச் செய்வார் என்று காத்திருக்காதீர்கள்.

பிஆர் குறைவாகப் பிடிக்கும் நிலையும் உண்டு, உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கம்பெனி சம்பளம் 12,570, வேலையில் 45,000 என்று வையுங்கள். வேலையில் 9,000 பிடிப்பார்கள். ஆனால் 50,270-க்கு மேல் 40% என்பதால் (ஸ்காட்லாந்து கணக்கு வேறு) கட்ட வேண்டியது 10,460. மீதி 1,460 பவுண்டைப் பின்னால் கட்ட வேண்டிவரும். டிவிடெண்ட் (கம்பெனி லாபத்தில் உங்கள் பங்கு) எடுத்தால் அதன் வரி இந்தக் கணக்கில் சேராது; அதற்கு வரி கட்ட வேண்டியிருந்தால் எச்எம்ஆர்சி-யிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.