அந்தப் பெயர்களை வேறெங்கே வாசிப்பது?

ஞாயிறு பூசையில் நடந்ததை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரசங்கத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை பாதர் வாசிக்கிறார். பாதியில் ஒருவர் எழும்பி, "கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம், பூசையை மட்டும் வையுங்கோ" என்கிறார். இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை.

பெயர் வாசிப்பது அரசியலா?

1990இல் போருக்குத் தப்பி மடு மாதா கோயிலுக்கு ஓடினபோது எனக்கு 11 வயது. நாங்கள் சைவக்காரர். அம்மாவின் சீலைத் தலைப்பில் திருநீற்று முடிச்சு இருந்தது. தறப்பாளுக்குக் கீழே இருந்த எங்களிடம் ஒரு பாதர் வந்தார். அங்கிக் கரையெல்லாம் புழுதி, கையில் சீ.ஆர். கொப்பி. "ஆர் அம்மா வரேல்ல?" என்று கேட்டார். அம்மா மாமாவின் பெயரைச் சொன்னா. ஆமி பிடித்த இடம், நாள், மாமா உடுத்திருந்த சாரத்தின் நிறம் எல்லாம் எழுதினார். என்ன சமயம் என்று கேட்கவேயில்லை. மாமாவைப் பற்றி எழுத்தில் இருந்தது அந்தக் கொப்பி மட்டும்தான்.

2011 ஜனவரியில், போர் முடிந்த பிறகு அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை செய்ததும் இதே வேலைதான். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கணக்கில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை வரை இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். வெறும் கழித்தல் கணக்கு. அதற்கே பிறகு அவரை விசாரித்தார்கள்.

வங்காலையில் 1985இல் மேரி பஸ்தியன் அடிகளாரைச் சுட்டார்கள். 2006இல் அல்லைப்பிட்டியின் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் போனார். 2009 மே 18, வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்னும் வரவில்லை. இவர்களும் பூசையை மட்டும் வைத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார்களோ என்னவோ. நாங்கள்தான் தனியே நின்றிருப்போம்.

"புலிகள் தங்கட படைக்குப் பிள்ளை பிடிக்கேக்க பாதர்மார் கதைச்சவையோ?" என்று கேட்பீர்கள். போதிய அளவு கதைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. தெற்கிலிருந்த திருச்சபைத் தலைமை எங்களுக்காக எழுப்பின குரலும் போதாது. அதற்காக இன்று வாய் திறக்கிற ஒருவரையும் இருத்திவிடுவதா? அன்று கதைக்காதது பிழை என்றால் இன்று கதைப்பது எப்படிப் பிழையாகும்?

"நீ சைவக்காரன், எங்கட கோயில் விசயத்தில உனக்கென்ன வேலை?" என்று நேற்று ஒரு கூட்டாளி இன்பொக்ஸில் கேட்டான். இருபது வருசப் பழக்கம். என் கலியாணத்துக்குப் பந்தல் போட வந்தவன். இதற்கு எப்படிப் பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் மாமாவின் பெயரும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோடு போய் அம்மா கடைசி வாங்கில் இருந்தவ. 78 வயது, முழங்கால் வருத்தம், அன்றைக்கு ஊசியும் போடாமல் வெள்ளெனவே போனவ. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் விறாந்தையில் இருந்தபடி என்னைக் கேட்டா:

"தம்பியின்ர பேர் வர முதலே நிப்பாட்டிப்போட்டாங்களே, திரும்ப எப்பவாம் வாசிப்பினம்?"