பழைய ஃபில்டர் கரியை ஓவனில் சுட்டால் புதிதாகிவிடுமா?

“தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரியைத் தூக்கிப் போடாதீர்கள். ஓவனில் அரை மணி நேரம் சூடாக்கினால் உள்ளே சேர்ந்த ரசாயனமெல்லாம் அழிந்து கரி புதிதாகிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. ஆனால் முழுக்கக் கற்பனையும் இல்லை, அதனால்தான் பலரும் நம்புகிறார்கள்.

கரி மாசை அழிப்பதில்லை, நுண்துளைகளின் சுவரில் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது. அது நிரம்பியதும் கரியைச் சூடாக்கிப் புதுப்பிக்கும் ஆலைகள் உண்மையிலேயே உண்டு. அங்கே சூடு ஏறத்தாழ 800 முதல் 900 டிகிரி செல்சியஸ். உலைக்குள் ஆக்சிஜனை மிகக் குறைவாகவே விடுவார்கள், இல்லையென்றால் கரியே எரிந்துவிடும். எளிதில் ஆவியாகும் பொருட்கள் முதலில் வெளியேறும். கனமான மூலக்கூறுகள் சிதைந்து, துளைகளுக்குள் கரிப்பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அதை அரித்துத் துளைகளைத் திறப்பது நீராவி. வெளிவரும் வாயுவைத் தனியாக இன்னொரு அறையில் எரித்துவிடுவார்கள். இவ்வளவு கவனத்திலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி வீணாகத்தான் செய்கிறது.

வீட்டு ஓவன் 250 டிகிரியைத் தாண்டினாலே பெரிய விஷயம். அந்தச் சூட்டில், கரியில் சிக்கிய பென்சீன், குளோரோஃபார்ம் போன்ற எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள் அழியாது, கரியை விட்டு உங்கள் சமையலறைக் காற்றுக்கு வந்துவிடும். கனமானவற்றில் பெரும்பகுதி உள்ளேயே கிடக்கும். சரி, நேரடியாக அடுப்புத் தீயில் வைத்தால்? கரி பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடு வரும். கரி அடைத்திருக்கும் கார்ட்ரிட்ஜோடு வைத்தால் பிளாஸ்டிக்கும் உருகும். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள்.